பூண் இல்லாத வெதர்பி

எங்கள் பக்கத்தில் கலெக்டர் என்றால்
வெள்ளைக் காரில் நாகப்பட்டினம் போகிறவர்.
நானும் ஒரு வகையில் கலெக்டர்தான் என்று
தபால்காரர் கலியமூர்த்தியிடம்
வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.
அதிலிருந்து, வெளிநாட்டுத் தபால் வந்தால்
"கலெக்டர் ஐயா, ஒரு கையெழுத்து" என்று
தெருவே கேட்கக் கூப்பிடுகிறார்.

நான் புகைப்பதில்லை.
கூட்டுறவு வங்கியில் அடகு நகைக்கு மதிப்புப் போடுகிறேன்.
ஆனால் பீரோவில் பதினோரு பைப்புகள் இருக்கின்றன,
ஒவ்வொன்றின் காம்பிலும்
யாரோ ஒரு துரையின் கடைவாய்ப்பல் தடம்.

வெதர்பியின் கதை இது.
தேம்ஸ் கரையில் ஒரு சந்து.
அப்பன் களிமண்ணில் பைப்பு சுட்டவன்.
காசுக்கு நாலு. குடிப்பார்கள், உடைப்பார்கள், எறிவார்கள்.
மகன் ஜோசையா மண்ணை விட்டான்.
அல்ஜீரியாவிலிருந்து சாக்குச் சாக்காய்
பிரையர் வேர்முண்டு வந்து இறங்கியது,
நெருப்பை உள்ளே வைத்தாலும் எரியாத முண்டு.
நூறு அறுத்தால் ஏழு தேறும்.
மிச்சம் அவன் வீட்டு அடுப்புக்கு.
(எரியாததை எப்படி அடுப்பில் வைத்தான்?
எனக்கும் இன்றுவரை விளங்கவில்லை.)

மூன்று பிள்ளைகள். முதல் உலகப் போர்.
இரண்டு பேர் பிரான்சு மண்ணில் தங்கிவிட்டார்கள்.
மூன்றாமவன் நாலு விரல் குறைந்து வந்து
கணக்கெழுத உட்கார்ந்தான்.
பிறகு வந்ததெல்லாம் மெஷின் பைப்பு.
அதே முத்திரை, காம்பில் அதே செம்புப் புள்ளி.
முந்தியது பத்து மடங்கு விலை,
பிந்தியது கிடைத்தால் போதும் என்று விற்கலாம்.
இரண்டையும் பிரித்துச் சொல்ல ஒரே சாட்சி
கழுத்தில் போட்ட வெள்ளிப் பூண்:
ஒரு நங்கூரம், ஒரு சிங்கம்,
வருடத்துக்கு ஓர் எழுத்து.

போன ஐப்பசியில், நாகூர்,
ஜெகபர் நாச்சியாரின் காயலான் கடை.
வெளிப்பாளையத்தில் இடித்த ஒரு ஓவர்சியர் வீட்டுச் சாக்கு:
துருப்பிடித்த மதகுச் சாவி ஒன்று,
சிம்னி இல்லாத விளக்கு,
அதற்கடியில், செம்புப் புள்ளி மின்ன, அது.
காம்பு பாசிப் படித்துறை மாதிரி பச்சை.
கிண்ணத்துக்குள் ஊசியை விட்டேன், மண்.
குளவி கூடு கட்டியிருக்கிறது.
ஜோசையா கைகழுவிய களிமண்ணை
வெட்டாற்றுக் கரையிலிருந்து உருட்டி உருட்டிக்
கொண்டுவந்து அடைத்திருக்கிறது.

கழுத்தில் மட்டும் ஒரு விரற்கடை வெளுப்பு.
"இங்கே ஒரு பூண் இருந்திருக்குமே?"
"வெள்ளிதானே? அதைக் கழற்றித்தான்
ஷமீமாவுக்குக் கொலுசு அடிச்சேன்.
கட்டைக்கு நூத்தம்பது குடுங்க."

ஷமீமா அப்போது
பழைய சைக்கிள் வளையம் ஒன்றை
மழைத் தண்ணீரில் ஓட்டிக்கொண்டிருந்தாள்.
கூப்பிட்டதும் வந்து காலை நீட்டினாள்.
முழங்கால்வரை சேறு.
தராசு எப்போதும் என் பையில் இருக்கும்.
ஒற்றைக் கொலுசைக் கழற்றி வைத்தேன்:
முப்பத்தெட்டு கிராம்.
பூண் என்றால் ஒன்றரை கிராம் தேறும்.
இந்த வளையத்திலா, மற்ற காலிலா,
எந்தக் கண்ணியில் அந்த எழுத்து உருகிக் கிடக்கிறது?
உரசிப் பார்த்தேன்.
ஆசாரி செம்பை நன்றாகவே கலந்திருக்கிறார்.
நாச்சியாரிடம் அதை மட்டும் சொல்லவில்லை.

லீட்சிலிருந்து கடிதம். என்ன வருடம் என்கிறார்கள்.
போருக்கு முன் என்றால் கேட்ட விலை.
நான் என்றே எழுதலாம்தான்.
யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?
கல்லுக்கும் அமிலத்துக்கும் இருபத்தாறு வருடம்
சம்பளம் வாங்கிய கை,
பேனாவை மூடி வைத்துவிட்டது.

கிண்ணத்தில் குளவி மண் அப்படியே இருக்கிறது.
கழுவினால் இன்னும் நூறு கூடும்.
நேற்றுப் பார்த்தேன்,
பக்கவாட்டில் புதிதாக ஒரு துளை.
உள்ளேயிருந்து போட்டது.